பாலாறு திரும்பவில்லை

1

இந்தக் கதை ஒரு சிரிப்பிலிருந்து பிறந்தது. போன ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்த நேரம், மாமல்லபுரத்தில் கடலோர ஓட்டல் ஒன்றின் மாடி அரங்கில் எண்பது பேர் ரெஜினாவைப் பார்த்துச் சிரித்தார்கள். வயிறு குலுங்கும் சிரிப்பு இல்லை. 'பாவம், விவரம் தெரியாமல் கேட்கிறாள்' என்கிற சிரிப்பு. அதை மறக்க முடியாமல்தான் இதை எழுதுகிறாள்.

ஆமாம், இதை எழுதுகிறவள் ரெஜினாதான். வயது முப்பத்தாறு. ஊர் திருக்கழுக்குன்றம். செங்கல்பட்டில் ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் டூ வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறாள். அப்படியானால் 'நான்' என்று எழுதவேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். எழுதமாட்டாள். காரணம் நான்காம் பகுதியில் வரும். பொறுமை இல்லாதவர்கள் அங்கே தாவிவிடலாம், அவளுக்கு ஆட்சேபம் இல்லை.

எப்படித் தொடங்குவது என்பதிலேயே ஒரு வாரம் போனது. கிழித்துப்போட்டவற்றில் மூன்றை மட்டும் இங்கே விட்டுவைக்கிறாள்:

'அலைகள் பாறையில் மோதிச் சிதறும் அந்த—' (யாரும் கடலைப் பார்க்கவில்லை. அரங்கில் ஏசி போட்டுத் திரையை இழுத்து மூடியிருந்தார்கள்.)

'ஜெயக்குமார் என்கிற திருடன்—' (இப்படித் தொடங்கினால் அடுத்த வரிக்கு வேலையே இல்லை.)

'விண்வெளியில் பிரேக் கிடையாது.' (இது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைச் சொன்னதற்குத்தான் சிரித்தார்கள்.)

2

ஜெயக்குமாரும் ரெஜினாவும் ஒரே கல்லூரியில் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவர்கள். அவன் திருக்கழுக்குன்றத்துக்கு உள்ளே தள்ளியிருக்கும் கிராமத்துக்காரன். நிலமும், பிறகு லாரிகளும் வைத்திருந்த குடும்பம். ரெஜினாவின் அப்பா அம்மா அதே நிலங்களில் நாற்று நட்டவர்கள். படிப்பு முடிந்து அவன் செங்கல்பட்டில் லாரி ஆபீஸ் பார்க்க உட்கார்ந்தான், அவள் பள்ளிக்கூடம் போனாள். இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்று. விண்கலக் கதை என்றால் இருவருக்கும் சோறு தண்ணீர் வேண்டாம்.

ஒன்பது வருடம், மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, பொத்தேரியில் ஒரு டிபன் கடையில் உட்கார்ந்து இருவரும் ஒரு நாவல் எழுதினார்கள். ஏன் பொத்தேரி? அங்கே ஆயிரம் மாணவர்கள் வருகிறார்கள், போகிறார்கள். ஒரு ஆணும் பெண்ணும், அதுவும் நிலக்காரர் தெருவிலிருந்து ஒருவரும் நாற்று நட்டவர் தெருவிலிருந்து ஒருவரும், ஒரே மேஜையில் உட்கார்ந்தால் யாரும் திரும்பிப் பார்க்காத இடம் அது ஒன்றுதான்.

கலத்தின் பெயர் 'பாலாறு'. கேப்டன் ஒரு பெண், பெயர் வேண்டா. இருநூற்று இருபத்தொரு பேர் இன்னொரு உலகத்துக்குக் குடிபோகிறார்கள். வழியில் எரிபொருள் தொட்டி வெடித்துக் கசிகிறது. மக்களைக் காப்பாற்ற, கலத்தை இரண்டாகப் பிரிக்கிறாள் வேண்டா. குடியிருப்பு உள்ள முன்பாதியில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். எஞ்சின் உள்ள பின்பாதியில் ஒன்பது பேர். அந்தப் பிரிவும், பிரிந்த பாதிகள் உண்மையில் எப்படி நகரும் என்பதும் பதினான்காவது அத்தியாயம். கணக்கு முழுக்க ரெஜினாவுடையது.

மாமல்லபுரத்தில் வெளியிட்ட புத்தகத்தின் பெயர் 'பாலாறு திரும்பியது'. ஆசிரியர்: ஜெயக்குமார். கேப்டனின் பெயர்: விக்ராந்த். பதினான்காவது அத்தியாயத்தில் கேப்டன் விக்ராந்த் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு நெம்புகோலை இழுக்கிறான், பின்பாதி கிறீச்சிட்டு நிற்கிறது, அரை வட்டம் அடித்துத் திரும்புகிறது, மக்களைத் தேடிப் பாய்கிறது. மூன்று பத்தி. முடிந்தது.

(கிறீச்சிட்டு. காற்றே இல்லாத இடத்தில்.)

வாசகர் கேள்வி நேரம் வந்தது. ரெஜினா எழுந்தாள்.

"கேப்டன் கலத்தை நிறுத்தித் திருப்பறார்னு எழுதியிருக்கு. எத்த வெச்சு நிறுத்தினார்? அங்க ரோடு இல்ல, காத்து இல்ல. விண்வெளியில பிரேக் கிடையாது. அப்புறம், ஜனங்க இருக்கற பாதி முன்னால போய்க்கினு கீது. இவரு பின்னால திரும்பி எங்க போறாரு?"

ஜெயக்குமார் மைக்கை வாங்கினான். ஒன்பது வருடம் 'இன்னா ரெஜி' என்று கூப்பிட்ட வாய்.

"மேடம், இது கதைங்க. பிரேக் இன்ஸ்பெக்டராண்ட எஃப்.சி. வாங்கிட்டுத்தான் வண்டிய எடுக்கணும்னா எந்தக் கலமும் கெளம்பாது."

அங்கேதான் அந்தச் சிரிப்பு.

ரெஜினா நேராக மேடைக்குப் போனாள். வரவேற்பறையிலிருந்து சக்கரம் வைத்த இரண்டு ஆபீஸ் நாற்காலிகளை உருட்டிவரச் சொன்னாள். ஒன்றில் தான் உட்கார்ந்தாள், இன்னொன்றில் ஜெயக்குமாரை உட்காரவைத்தாள். "கால தூக்கு. எம் பாதத்தத் தள்ளு" என்றாள். தள்ளினான். வழுவழுப்பான தரையில் இருவரும் எதிரெதிரே விலகிப் போனார்கள். லேசான ரெஜினா அதிகம் போனாள், கனமான ஜெயக்குமார் கொஞ்சம் போனான். "இப்ப தரையத் தொடாம, எத்தயும் புடிக்காம, எங்கிட்ட திரும்பி வா" என்றாள். அவன் நெளிந்தான், கையை வீசினான், நாற்காலி அப்படியே நின்ற இடத்தில் குலுங்கியது. இந்த முறை அரங்கம் சிரித்தது அவனைப் பார்த்து.

3

பொய். அந்தக் கடைசிப் பத்தி முழுக்கப் பொய்.

நாற்காலியும் இல்லை, ஒன்றும் இல்லை. சிரிப்பு எழுந்ததும் ரெஜினா உட்கார்ந்துவிட்டாள். சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, மேடையில் இருந்த பூச்சாடியைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். நாற்காலி யோசனை அவளுக்கு வந்தது செவ்வாய்க்கிழமை, வகுப்பில் உந்தம் பாடம் நடத்தும்போது. அவளுக்கு ஜெயக்குமார் மேல் இருக்கும் கோபம் ஒரு பங்கு என்றால் அப்படி உட்கார்ந்த தன்மேல் இருக்கும் கோபம் இரண்டு பங்கு.

எழுந்தது ஆல்வின். அவள் கணவன். நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் ஷிப்டு வேலை பார்ப்பவன், இலக்கியக் கூட்டத்துக்கு வாழ்க்கையில் அன்றுதான் முதல்முறை வந்திருந்தான்.

"இன்னாத்துக்கு சிரிக்கறீங்க? அத்த எழுதுனதே இவங்கதான். கேட்டுப் பாருங்க அவர!"

ஜெயக்குமார் புன்னகைத்தான். "ஆமா, ரெஜினா மேடம் எங்க ஃபிரெண்டுதான். கணக்குல நெறய ஹெல்ப் பண்ணாங்க. நன்றி பக்கத்துலகூட போட்டிருக்கேன்" என்றான். அரங்கம் கை தட்டியது. அவளுக்காகக் கை தட்டியது! நன்றி பக்கத்தில் ஏழாவது வரி: 'கணக்குகளைச் சரிபார்த்த தோழி ரெஜினாவுக்கு.' ஆறாவது வரியில் அவனுடைய லேப்டாப்பைச் சரிசெய்து கொடுத்த கடைக்காரர்.

4

கூட்டம் முடிந்து தேநீர் கொடுத்தார்கள். பதிப்பாளர் பார்வதம் கையில் கோப்பையோடு ரெஜினாவைத் தேடி வந்தார். அறுபது வயது இருக்கும், கதர்ச் சேலை, மென்மையான குரல். கெட்டவர் என்று எழுத ரெஜினாவுக்கு ஆசை. ஆனால் அவர் கெட்டவர் இல்லை.

"மனசுல வெச்சுக்காதீங்க ரெஜினா. உங்ககிட்ட ஒரு எழுத்து இருக்குன்னு எனக்குப் புரியுது. நீங்க ஏன் உங்க வாழ்க்கையையே எழுதக்கூடாது?"

"என் வாழ்க்கையா மேடம்?"

"ஆமா. உங்க அப்பா அம்மா பட்ட கஷ்டம், உங்க தெரு, சர்ச்சு, படிச்சு மேல வந்தது. 'நான்'னு தொடங்கி நேரடியா எழுதுங்க. நான் உடனே போடறேன். அதுக்குத்தான் இப்ப உண்மையான மதிப்பு இருக்கு. விண்கலமெல்லாம் எழுத ஆயிரம் பேர் இருக்காங்க இல்லையா?"

ரெஜினா தலையாட்டினாள். (தலையாட்டினாள்! இந்த இடத்தை மூன்று முறை அடித்து மூன்று முறையும் திரும்ப எழுதினாள். ஒரு வரைவில் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு விறுவிறுவென்று வெளியேறுகிறாள். நடந்தது தலையாட்டல்.)

அப்பா நாற்று நட்டார். நட்டுக்கொண்டே அண்ணாந்து விமானம் பார்த்தார், 'எவ்ளோ ஒசரம் போவுது பாரு' என்றார். அதை எழுதினால் கண்ணீரோடு வாசிப்பார்கள். அவர் மகள் அந்த உயரத்தைக் கணக்குப் போட்டாள் என்று எழுதினால் மட்டும், இது கதைங்க மேடம்.

அதனால்தான் 'நான்' கிடையாது. யார் கேட்டாலும் தரமாட்டாள். இது விண்கலங்கள் பிரிந்த பிறகு எப்படிப் பயணம் செய்யும் என்பது பற்றிய கதை. இதை வேறு எதற்காவது உவமை என்று யாராவது மதிப்புரையில் எழுதினால் அவர்களோடு ரெஜினா ஆயுளுக்கும் பேசமாட்டாள். விண்கலம் என்றால் விண்கலம்.

14

இது ஐந்தாவது பகுதிதான். ஆனால் இதற்குப் பதினான்கு என்றுதான் எண் போடுவாள். இது அந்த அத்தியாயம், எழுதப்பட்டபடி, சுருக்கமாக.

பாலாறு நொடிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. செங்கல்பட்டிலிருந்து சென்னைக்கு இரண்டு நொடி. எஞ்சின் அணைந்து இரண்டு வருடம் ஆகியும் அதே வேகம், ஏனென்றால் அங்கே குறைப்பதற்கு எதுவும் இல்லை.

வேண்டா பிணைப்புகளை அவிழ்க்கச் சொன்னாள். சுருள்வில்கள் இரு பாதிகளையும் ஒன்றிலிருந்து ஒன்று தள்ளின. நெருப்பு இல்லை, சத்தம் இல்லை. சைக்கிளில் போகிறவன் வேகத்தில், நொடிக்கு ஐந்து மீட்டராகப் பாதிகள் விலகின. முன்பாதி நின்றுவிடவில்லை. பின்பாதியும் நின்றுவிடவில்லை. இரண்டும் அதே முப்பது கிலோமீட்டரில், ஒரே திசையில், பக்கத்துப் பக்கத்து ரயில் பெட்டிகள் போலப் போய்க்கொண்டே ஒன்றைவிட்டு ஒன்று மெல்லப் பிரிந்தன. ஒரு நாளில் நானூற்று முப்பது கிலோமீட்டர். கசிவை அடைக்க நாற்பது நாள் ஆனது. அதற்குள் பதினேழாயிரம் கிலோமீட்டர்.

"திரும்பிடலாமா கேப்டன்?" என்றான் எஞ்சின்காரன்.

"எங்க திரும்பறது? அவங்க நமக்கு முன்னால கீறாங்க."

முகத்தைத் திருப்பினால் பாதை திரும்பாது. கலத்தைத் தலைகீழாகப் புரட்டினாலும் அது முதுகைக் காட்டிக்கொண்டு போன திசையிலேயே போகும். ஒருவேளை நிறுத்த முடிந்தால்? நிறுத்திய கணத்திலிருந்து முன்பாதி நொடிக்கு முப்பது கிலோமீட்டர் விலகி ஓடும். நிறுத்துவதுதான் அவர்களைத் தொலைப்பதற்கு நிச்சயமான வழி.

வேண்டா செய்தது சின்ன வேலை. விலகலைச் சரிக்கட்ட முன்னோக்கி நொடிக்கு ஐந்து மீட்டர் உந்தல். நெருங்குவதற்கு இன்னும் ஒரு பத்து மீட்டர். பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு இருபது நாள் காத்திருந்தாள். கடைசியில் கலத்தைப் புரட்டி, அந்தப் பத்து மீட்டரை எதிர் உந்தலால் கழித்தாள். வீரம் எதுவும் தேவைப்படவில்லை. பொறுமை தேவைப்பட்டது.

அந்த இருபது நாளில் ஒருநாள், முன்பாதிக்காரி ஒருத்தி, பூங்கொடி, வானொலியில் கேட்டாள்.

"கேப்டன், நாங்க உங்கள வுட்டு தூரம் போனோமா, நீங்க எங்கள வுட்டு தூரம் போனீங்களா?"

"கணக்குப்படி ரெண்டும் ஒண்ணுதான் பூங்கொடி."

"அது உங்களுக்கு ஒண்ணு. எஞ்சினு உங்களாண்ட கீதே."

5

ஒரு சந்தேகம். ரெஜினாவுக்கு ஜெயக்குமார் என்கிற பாத்திரத்தின் மேல் சந்தேகம்.

இரண்டாவது வரைவில் அவனை முழு அயோக்கியனாக எழுதினாள். ஆல்வின் நெம்மேலியிலிருந்து வந்து, சட்டையைக்கூட மாற்றாமல், அதை வாசித்தான்.

"இன்னா ரெஜி, இவன் இன்னாமோ மீசய முறுக்கினு வரான்? நம்ம ஜெயக்குமாருக்கு மீசயே கெடியாதே."

"வில்லன்னா அப்படித்தான்."

"அவன் அவ்ளோ கெட்டவன் கெடியாது ரெஜி. அதான் பேஜாரே."

அதுதான் பேஜார். பூங்கொடியின் கடைசி வரி, 'எஞ்சினு உங்களாண்ட கீதே', ஜெயக்குமார் எழுதியது. ரெஜினாவுக்கு ஆயிரம் வருடம் ஆனாலும் அப்படி ஒரு வரி வராது. உரையாடல் எல்லாமே அவன்தான். கேப்டனுக்கு வேண்டா என்று பெயர் வைத்ததும் அவன்தான். அது அவன் அத்தையின் பெயர். அடுத்தடுத்துப் பெண் பிறந்த கோபத்தில் வேண்டா என்று வைத்துவிட்டார்களாம். "அந்தப் பேருக்கு ஒரு கலத்தக் குடுக்கணும் ரெஜி" என்றான். பொத்தேரிக் கடையில் இட்லி ஆறிக்கொண்டிருக்க அதைச் சொன்னபோது அவன் கண் கலங்கியிருந்தது.

அப்படிப்பட்டவன் புத்தகத்தில் வேண்டாவை விக்ராந்த் ஆக்கினான். தன்னுடைய மிக நல்ல வரியைத் தானே வெட்டினான். நல்லது தெரிந்தவன், தெரிந்தே செய்தான். முழு அயோக்கியனாக இருந்திருந்தால் ரெஜினாவுக்குக் கோபம் பாதிதான் வந்திருக்கும்.

6

புதன்கிழமை சாயங்காலம் ஜெயக்குமார் வீட்டுக்கே வந்தான். கையில் இனிப்புப் பெட்டி, இரண்டாம் பாகத்தின் சுருக்கம் பன்னிரண்டு தாள். ஆல்வின் நாற்காலியை இழுத்துப் போட்டான். ரெஜினா தண்ணீர் கொடுத்தாள்.

"கோவமா கீறியா ரெஜி?"

"படிக்கக் குடு."

இரண்டாம் பாகத்தின் சிக்கலும் அவள் உண்டாக்கியதுதான். பாதிகள் சேர்ந்துவிட்டன. ஆனால் போய்ச் சேரும் இடத்தில் கலம் நிற்க வேண்டுமே? பதினாலாயிரம் டன் எரிபொருளில் பாதி கசிந்துபோனது. மிச்சம் ஏழாயிரம். பாதிகள் ஒவ்வொன்றும் இரண்டாயிரம் டன். ஏழாயிரத்தை வைத்துக்கொண்டு பின்பாதி மட்டும் என்றால் சரியாக நிற்கும். இரண்டும் சேர்ந்து என்றால் வேகத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் குறையும். போகவேண்டிய உலகத்தை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போய்விடுவார்கள், என்றைக்குமாக.

ஜெயக்குமார் அதற்கு ஒரு முடிவு எழுதியிருந்தான். முன்பாதியின் இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் கூடிப் பேசுகிறார்கள். 'எங்களை விட்டுவிடுங்கள், நீங்களாவது வாழுங்கள்' என்கிறார்கள். கைகோத்துப் பாடுகிறார்கள். பிணைப்பு அவிழ்கிறது. விக்ராந்த் கண்ணீரோடு சல்யூட் அடிக்கிறான்.

ரெஜினா தாள்களை மேஜையில் வைத்தாள்.

"யாரு கேட்டா இவங்கள?"

"இன்னாது?"

"இருநூத்திப் பன்னெண்டு பேர பாட வெச்சியே, ஒரு ஆளுக்காவது 'எனக்கு சாவ இஷ்டம் இல்ல'ன்னு சொல்ல வாய் குடுத்தியா? எஞ்சின் இல்லாதவன்தான் தியாகம் பண்ணணும்னு எந்த ஃபார்முலால கீது?"

"அதான் ரெஜி, அது உனக்கு சரியா வர்லன்னு தெரியும். அதான் வந்தேன். நீ வேற முடிவு ஒண்ணு வெச்சிருக்கன்னு சொன்னியே, பச்ச நோட்டுல. அத்த குடு. இந்தவாட்டி உள்பக்கத்துல தனியா போடறேன். 'அறிவியல் ஆலோசனை: ரெஜினா'ன்னு."

"அட்டையில போடு. ரெண்டு பேரு. மொத பாகத்துலயும். பதினாலாவது அத்தியாயத்த நான் எழுதுன மாதிரி திருப்பிப் போடு."

அவன் பெருமூச்சு விட்டான். ஆல்வினைப் பார்த்தான், ஆம்பளைக்கு ஆம்பளை புரியும் என்பது போல. பிறகு மெதுவாக, நல்லவிதமாக, அவளுடைய நன்மைக்காகச் சொல்வது போலச் சொன்னான்:

"ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. உங்க பக்கத்துலேர்ந்து ஒருத்தங்க விண்கலம் எழுதினாங்கன்னா எவன் கையில எடுப்பான்? எம்பேரு இருந்ததாலதான் உன் கணக்கு இன்னிக்கு அச்சுல கீது."

உங்க பக்கம். ஒன்பது வருடத்தில் அந்த மேஜைக்கு இரண்டு பக்கம் இருந்தது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

(இந்த இடத்தில் அவள் பேசிய நீண்ட வசனம் ஒன்று இருந்தது, ஒன்றரைப் பக்கம். அதை எடுத்துவிட்டாள். நாற்காலி மாதிரி அதுவும் பின்னால் வந்தது.)

உண்மையில் சொன்னது இரண்டே சொல். "எழுந்து போ."

அவன் எழவில்லை. ஆல்வின் எழுந்தான். இனிப்புப் பெட்டியை எடுத்து ஜெயக்குமாரின் கையில் வைத்து, கதவைத் திறந்து பிடித்தான்.

"கெளம்பு மச்சான். இனிமே நீ பேசினா நான் கேட்டுக்கினு இருக்கமாட்டேன்."

7

இனி ஒரு ஒப்புதல் வாக்குமூலம். பச்சை நோட்டில் முடிவு எதுவும் இல்லை.

தன்னிடம் வேறு முடிவு இருக்கிறது என்று அவள் ஜெயக்குமாரிடம் சொன்னது வீம்பு. பதினேழு பக்கம் கணக்குப் போட்டிருக்கிறாள், எல்லாம் முட்டிக்கொண்டு நிற்கிறது. ஏழாயிரம் டன்னை வைத்து நாலாயிரம் டன்னை நிறுத்த முடியாது. எந்தக் கோபமும் அந்த எண்ணை மாற்றாது.

அடுத்த சனிக்கிழமை அவள் ஒரு காரியம் செய்தாள். பதினான்காவது அத்தியாயத்தை, தேதி போட்ட கையெழுத்துப் பக்கங்களின் படங்களோடு, இணையத்தில் போட்டாள். 'எழுதியவர்கள்: ரெஜினா, ஜெயக்குமார்.' உரையாடல் அவனுடையது, அதனால் அவன் பெயரையும் போட்டாள். அவன் செய்ததை அவள் செய்யமாட்டாள். கடைசியில் எரிபொருள் கணக்கையும் கொடுத்து, 'இங்கே நிற்கிறேன், வழி தெரியவில்லை' என்று எழுதினாள்.

நாற்பத்தொரு பேர் வாசித்தார்கள். நான்கு பேர் திட்டினார்கள், அதில் ஒருவர் ஜெயக்குமாரின் தம்பி. பார்வதம் தொலைபேசியில் அழைத்து, அடுத்த பதிப்பில் அவள் பெயரையும் அட்டையில் சேர்ப்பதாகவும், அதற்கு முன்னால் இணையத்திலிருந்து அத்தியாயத்தை எடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னார். அத்தியாயம் புத்தகத்தில் மாறுமா என்று கேட்டாள். "அதைப் பிறகு பார்ப்போம்மா" என்றார். அவள் எடுக்கவில்லை.

ஐந்தாம் நாள் ஒரு பின்னூட்டம் வந்தது. பெயர் காசிநாதன், செங்கல்பட்டில் ரயில் எஞ்சின் ஓட்டுநர்.

'மேடம், சரக்கு வண்டியும் ஓட்டியிருக்கிறேன், பாசஞ்சரும் ஓட்டியிருக்கிறேன். பாசஞ்சர் வண்டியை நிறுத்தும்போது எங்களுக்குப் பாரம் பெட்டிதான். ஒரு பெட்டி நாற்பது டன்னுக்கு மேல். அதில் உட்காரும் ஜனம் எல்லாம் சேர்ந்து நாலைந்து டன். நீங்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேரை இரண்டாயிரம் டன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஜனத்தின் எடை இல்லை. சுவரின் எடை.'

ரெஜினா அதைப் பள்ளி ஓய்வறையில் நின்றபடி வாசித்தாள். உட்கார்ந்து மறுபடி வாசித்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு பேர், ஆளுக்கு அறுபது கிலோ. பதின்மூன்று டன். போய்ச் சேர இன்னும் மூன்று மாதம்; அதற்குச் சாப்பாடு இன்னொரு பன்னிரண்டு டன். ஜெயக்குமாரின் இரண்டு லாரியில் ஏற்றிவிடலாம். சுவர்களை விட்டுவிட்டு மனிதர்கள் மட்டும் பின்பாதிக்கு வந்துவிட்டால், பின்பாதியில் இருப்பதில் இருபத்தைந்து டன்னை வெளியே தள்ளிவிட்டால், கலம் நிற்கும். எல்லோரோடும் நிற்கும்.

அவளுக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ஜெயக்குமார் மேல் இல்லை. ஒன்பது வருடம், பதினேழு பக்கம், அவளும்தானே அந்த மனிதர்களைப் பாரம் என்ற கட்டத்தில் எழுதிவைத்திருந்தாள்? அவளுக்கு எப்படித் தோன்றாமல் போனது? அவளுக்கு!

8

ஆக, கணக்கு வழிவிட்டது. கணக்கு வழிவிட்ட பிறகுதான் கதை கடினமாகிவிட்டது.

பின்பாதி ஒன்பது பேருக்காகக் கட்டியது. ஆளுக்கொரு அறை. காற்றைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தை முன்பாதியிலிருந்து கழற்றிக் கொண்டுவர வேண்டும். அதன் எடைக்கும் ஈடாக இங்கே இருக்கும் கட்டில்கள், தடுப்புகள், குளியலறை, கேப்டனின் மேஜை, எல்லாம் வெளியே போகவேண்டும். மூன்று மாதம் இருநூற்று இருபத்தொரு பேர் தோளோடு தோள் ஒட்டி, ஒருவர் மூச்சை ஒருவர் வாங்கிக்கொண்டு நிற்க வேண்டும். உயிருக்கு உத்தரவாதம் இருக்கிறது. வசதிக்கு இல்லை. இல்லாவிட்டால், ஒன்பது பேர் மட்டும் அவரவர் அறையில் சாய்ந்தபடி போய்ச் சேரலாம்.

முதல் முடிவு: வேண்டா கதவைத் திறக்கிறாள், எல்லோரும் அழுதுகொண்டே கட்டிக்கொள்கிறார்கள். (எழுதினாள். அடித்தாள். மாமல்லபுரத்து அரங்கம் இதற்கும் கை தட்டும்.)

இரண்டாம் முடிவு: எட்டுப் பேர் வேண்டாவைக் கட்டிப்போட்டுவிட்டுப் பிணைப்பை— (முடிக்கவில்லை. எழுதும்போது அது மிகச் சுலபமாக வந்தது. அந்தச் சுலபம் பிடிக்கவில்லை.)

மூன்றாம் முடிவு: பேச்சுவார்த்தை. 'உங்க பக்கத்துலேர்ந்து ஒரு முப்பது பேர் மட்டும் வரட்டும்' என்கிறான் எஞ்சின்காரன், நல்லவிதமாக, அவர்களுடைய நன்மைக்காகச் சொல்வது போல. (இதை எழுதிவிட்டு ரெஜினா வெளியே போய் நின்றாள். ஆல்வினும் வந்து பக்கத்தில் நின்றான்.)

மூன்றும் வேண்டாம். நிற்கிற இடத்திலேயே நிறுத்துகிறாள்.

பாதிகள் இரண்டும் ஒட்டியிருக்கின்றன. நடுவில் ஒரு இரும்புக் கதவு. அதன் கைப்பிடி பின்பாதியின் பக்கம் மட்டும்தான்; அந்தப் படத்தை வரைந்ததும் ரெஜினாதான், ஒன்பது வருடத்துக்கு முன்னால், எதையும் யோசிக்காமல். வெளியே சத்தம் போகக் காற்று இல்லை. ஆனால் இரும்பில் சத்தம் போகும். பூங்கொடி தட்டுகிறாள். கெஞ்சித் தட்டவில்லை. கணக்குத் தெரிந்தவள் தட்டுவது போலத் தட்டுகிறாள்.

பின்பாதியில் ஒன்பது பேர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருக்கிறார்கள். வேண்டாவை ஒன்று என்று எண்ணினால் மீதி எட்டு. அந்த எட்டில் ஒருவருக்குக்கூட ரெஜினா இதுவரை பெயர் வைக்கவில்லை. ஒரு இடத்தில் உங்கள் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். கைப்பிடி உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

அவள் தட்டிக்கொண்டுதான் இருக்கிறாள்.